மஸ்டரில் சொன்னது

வெள்ளிமட்டம் எஸ்டேட் பேக்டரி,
கீழ் கோத்தகிரி.
8 ஜூலை 2024

அன்புள்ள பாலாமணி அவர்களுக்கு,

முத்துராஜ் எழுதுவது. இங்கு நலம். உங்கள் நலமும் அப்பாவின் நலமும் அறிய ஆவல். ஆபரேஷன் செய்த கண்ணில் பார்வை தெளிந்துவிட்டதா?

போனில் நான்கு முறை அழைத்தேன். நீங்கள் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியது ஒற்றை டிக்கோடு நிற்கிறது. தேவாலா மழைக்கு டவர் போயிருக்கும் என்று முதலில் நினைத்தேன். ஒரு வாரம் கழித்துத்தான், காரணம் டவர் இல்லை என்று புரிந்தது. அதனால் கடிதம். லீவு லெட்டர் தவிர நான் இருபது வருடமாக எதுவும் எழுதியதில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுதுவதற்குக் காரணம், மூன்றாம் நம்பர் மெஷினில் ரோலர் மாற்றிய தேதியெல்லாம் ஒரு பச்சை அட்டை நோட்டில் குறித்து வைத்திருந்தீர்களே, அந்த நோட்டு கிடைக்கவில்லை. எங்கே வைத்தீர்கள் என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

உங்கள் சூபர்வைசர் இடத்துக்கு இன்னும் யாரையும் போடவில்லை. நானே இரண்டு ஷிப்டும் பார்க்கிறேன். கொழுந்து சுமாராக வருகிறது. ஆண்டி இன்னும் காட்டு வேலையில்தான் இருக்கிறான். நேற்று பாதையில் எதிரே வந்தான். மருந்து டப்பாவை முதுகில் கட்டியிருந்தான். நான் நின்றேன், அவன் நிற்கவில்லை.

வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
முத்துராஜ், டீமேக்கர்


மேல்சோலை எஸ்டேட்,
தேவாலா.
15 ஜூலை 2024

சார்,

பச்சை நோட்டு உங்கள் மேஜையில் இரண்டாவது டிராயரில் இருக்கிறது. வைத்ததும் நீங்கள்தான். ஒரு நோட்டுக்காக நாலு தடவை போன் பண்ணுகிற ஆள் நீங்கள் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஒன்பது வருஷமாக 'பாலா', 'நீ', 'வா அம்மணி'. இப்போது 'அவர்களுக்கு', 'நீங்கள்'. பரவாயில்லை. நானும் அண்ணா என்று எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள்.

போனில் பேசினால் நான் அழுதுவிடுவேன். அழுதால் சொல்ல வேண்டியது சொல்லாமல் போய்விடும். அதனால்தான் எடுக்கவில்லை. கடிதம் என்றால் நடந்ததை வரிசையாகக் கேட்கலாம். கேட்கிறேன்.

மே பதினொன்றாம் தேதி நான் அப்பாவின் கண் ஆபரேஷனுக்காக லீவில் இருந்தேன். அன்றைக்கு டிரையர் அடுப்பின் குழாயில் விரிசல் விட்டு, காய்கிற தூளில் புகை ஏறியிருக்கிறது. டிரையரில் நின்ற ஆண்டி உங்களிடம் ஓடி வந்து, "ஏனுங்க சார், புகை வாசமாட்டம் அடிக்குதுங்க, நிறுத்திப் பாக்கலாமுங்களா?" என்று கேட்டிருக்கிறான். நீங்கள் ஒரு கை தூளை அள்ளி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "எல்லாஞ் சரியாத்தான் இருக்குது, போய் வேலையைப் பாரு" என்று விரட்டியிருக்கிறீர்கள். அந்த லாட் மொத்தமும் புகை வாடை என்று குன்னூர் ஏலத்திலிருந்து திரும்பி வந்தது.

மறு வாரம் காலை மஸ்டரில், அத்தனை பேரும் பேர் கொடுக்க நிற்கும்போது, மேனேஜர் விமல் சார் உங்களைக் கேட்டார். நீங்கள் சொன்னது ஒரே ஒரு வரி. "டிரையர்ல நிக்கறவன் கவனிச்சிருக்கோணும் சார்." பதினாறு வருஷம் டிரையரில் நின்றவனை அன்றைக்கே களை எடுக்கவும் மருந்தடிக்கவும் அனுப்பினார்கள். அவன் வாயைத் திறக்கவில்லை. நான்தான் திறந்தேன். "சார், மோந்து பாத்தது நீங்கதானுங்களே?" என்று கேட்டேன். "பொம்பளைங்க டிரையர் விசயத்துல தலையிடாதீங்க" என்றீர்கள். எல்லார் முன்னாலும்.

மாற்றல் கேட்டு நான் வந்தது அந்தப் பேச்சுக்காக மட்டுமில்லை. என் தலைக்குள் ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருக்கிறது. லைன் வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த புகை வாடை, இருபது வருஷ டீமேக்கருக்குத் தெரியாதா? தெரிந்தும் விட்டீர்களா? எதற்காக?

இதற்குப் பதில் இருந்தால் எழுதுங்கள். நோட்டைப் பற்றி எழுத வேண்டாம்.

பாலாமணி


கீழ் கோத்தகிரி,
22 ஜூலை 2024

பாலா,

எனக்கு வாசம் தெரியாது.

இந்த வரியை எழுத மூன்று நாள் ஆயிற்று. இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். எழுதிய பிறகு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

2021 மே மாதம் கொரோனா வந்து படுத்தேனே, அப்போது போனது. ஒரு மாதத்தில் திரும்பிவிடும் என்றார்கள். பிறகு ஆறு மாதம் என்றார்கள். கோயம்புத்தூரில் மூக்கு டாக்டரிடம் போனேன். கம்பெனிக்கு, தங்கச்சி மகள் சீர் என்று சொல்லிவிட்டுப் போனேன். அவர் நாலு சின்னப் பாட்டிலைக் கொடுத்து தினமும் மோந்து பழகச் சொன்னார். எலுமிச்சை, கிராம்பு, ரோஜா, யூகலிப்டஸ். நாலும் எனக்குத் தண்ணீர்தான். ஒரு வருஷம் மோந்தேன். என் வீட்டுக்காரி சுஜாதாவைத் தவிர யாருக்கும் தெரியாது.

நாக்குக்குக் கசப்பும் துவர்ப்பும் தெரியும். அதை வைத்து டீயில் பாதியைச் சொல்லிவிடலாம். புளிக்க வைத்த தூளை நிறத்தாலும் கையில் பிடித்தால் வரும் சூட்டாலும் கணக்குப் போடலாம். மீதிக்கு நீ இருந்தாய். தினமும் காலையில், "பாலா, இதை மோந்து பாத்து என்ன தோணுதுன்னு சொல்லு" என்பேன். நீ சொல்வாய். "ம், சரியாச் சொன்ன" என்று நான் தலையாட்டுவேன். உனக்குச் சொல்லித் தருகிறேன் என்று நீ நினைத்தாய். நான் உன்னிடம் கடன் வாங்கிக்கொண்டிருந்தேன்.

மே பதினொன்றாம் தேதி நீ இல்லை. ஆண்டி வந்து கேட்டபோதே, அவன் சொல்வது உண்மையாக இருக்கும் என்று உள்ளே தெரிந்தது. "எனக்குத் தெரியல, நீயே பார்த்து நிறுத்து" என்று சொல்லியிருந்தால் முடிந்தது. ஐந்து வார்த்தை. அதற்குப் பதிலாகக் கத்தினேன். பிறகு மஸ்டரில் விமல் சார் கேட்டபோது, நாம் மாட்டிக்கொண்டோம் என்ற பயத்தில் கைக்கு முதலில் அகப்பட்டது ஆண்டியின் தலை. நீ கேள்வி கேட்டதும் இன்னும் பயம். உன்னிடம் அப்படிப் பேசினது அந்தப் பயம்தான் என்று சொன்னால் சமாதானம் சொல்வது போல இருக்கிறது. சமாதானம் இல்லை. பேசினது நான்தான்.

டீமேக்கர் என்றால் மூக்குதான் பாலா. மூக்குப் போன டீமேக்கரை வைத்து யார் என்ன செய்வார்கள்? வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும். அதைவிட, என்னைப் பார்த்து யாரும் ஐயோ பாவம் என்று சொல்லிவிடக் கூடாது என்று இருந்தது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அதுதான் பெரிய காரணம்.

லாட் திரும்பி வந்த வாரம் இன்னொன்று நடந்தது. சுஜாதா கடைக்குப் போயிருந்தாள். காபி வைக்கலாம் என்று அடுக்களைக்குப் போய்த் தீப்பெட்டியைக் கையில் எடுத்தேன். வாசலில் இருந்து அவள் போட்ட சத்தத்தில் பெட்டி கீழே விழுந்தது. கேஸ் குழாய் கழன்று வீடு முழுக்கப் பரவியிருந்திருக்கிறது. நான் அதன் நடுவில் நின்றிருக்கிறேன். அவள் ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, "யார்கிட்டயாச்சும் சொல்லுங்க. என்னால ஒருத்தியாக் காவல் காக்க முடியாதுங்க" என்றாள்.

அதன் பிறகுதான் உனக்கு போன் பண்ணினேன்.

முத்துராஜ்


தேவாலா,
30 ஜூலை 2024

சார்,

மூன்று வருஷம்.

மூன்று வருஷமும் வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "டீமேக்கர் எனக்கு டீ பாக்கக் கத்துக்குடுக்கறாருப்பா" என்று பெருமை அடித்திருக்கிறேன். பொம்பளை சூபர்வைசரை நம்பி ஒரு மனுஷர் தன் வேலையைக் கற்றுத் தருகிறாரே என்று சாமி படத்துக்குப் பூ வைத்திருக்கிறேன். அதெல்லாம் என்ன?

உங்கள் நோய்க்கு நான் கோபப்படவில்லை. அது யாருக்கும் வரலாம். என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் லீவு போடும் அன்றைக்கு ஆண்டியிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருப்பேன். அவன் முதுகில் இன்றைக்கு மருந்து டப்பா இருக்காது.

உங்கள் கடிதத்தில் உங்கள் பயம் இரண்டு பக்கம் இருக்கிறது. ஆண்டி நாலு வரி இருக்கிறான்.

பாலாமணி


தேவாலா,
3 ஆகஸ்ட் 2024

அண்ணா,

உங்கள் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன். அந்தக் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பும்போதே உறுத்தியது. அதில் எழுதியது எதையும் மாற்றவில்லை. ஆனால் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

இந்த பேக்டரியில் தூளில் இருக்கும் காம்பையும் நாரையும் பிரிக்க கேமரா வைத்த மெஷின் இருக்கிறது. நம் பக்கம் இல்லாதது. சேர்ந்த முதல் நாள் ஆபீஸில், "இது ஓட்டத் தெரியுமில்ல?" என்று கேட்டார்கள். "தெரியும்" என்றேன். தெரியாது. இங்கே சூபர்வைசர்களில் நான் ஒருத்திதான் பெண். முதல் நாளே தெரியாது என்று சொல்வதா என்று வந்துவிட்டது. ஆறு வாரமாக அந்த மெஷின் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று தலையாட்டிவிட்டு வருகிறேன். உங்களைப் போலத்தான்.

நேற்று அந்த மெஷின் ஓட்டும் டெனினிடம் போனேன். பந்தலூர்க்காரன், முப்பது வயது இருக்கும், என்னிடம் ஒரு நாளும் சிரித்ததில்லை. "டெனின், எனக்கு இந்த மெஷின் தெரியாது. மொதல்ல இருந்து சொல்லிக்குடு" என்றேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டான். பிறகு, "சேச்சி, நீங்க பின்னால நின்னு எங்க தப்பைக் குறிச்சு ஆபீஸ்ல கொடுக்கறீங்கன்னு நாங்க எல்லாம் பேடிச்சுக் கெடக்கோம்" என்றான். அவர்களுக்கு என் மேல் பயம். எனக்கு அவர்கள் மேல் பயம். இடையில் ஒரு மெஷின். இரண்டு மணி நேரம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் சாயங்காலம் வரும்போது உடம்பு லேசாக இருந்தது.

உங்கள் கடிதம் வராமல் இருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேன். அதைச் சொல்லத்தான் இது.

ஆண்டி வீட்டுக்குப் போங்கள் அண்ணா. எனக்கு எழுதினதை அவனிடம் சொல்லுங்கள்.

பாலா


கீழ் கோத்தகிரி,
14 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பாலா,

இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. முதலாவதைப் படித்துவிட்டு இரண்டாவதைப் பிரிக்கவே பயமாக இருந்தது. நாலு வரி என்று நீ எழுதியது சரி. எண்ணிப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆண்டி வீட்டுக்குப் போனேன். அவன் விறகு பிளந்துகொண்டிருந்தான். அவன் வீட்டுக்காரி மாலதி கதவோரம் நின்று, "வாங்க சார், ஊட்டுக்குள்ள வாங்க" என்றாள். அவன் சொல்லவில்லை. உள்ளே உட்கார்ந்து, உனக்கு எழுதியதை அப்படியே அவனிடம் சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

பிறகு சொன்னான். "எம்பட புள்ள பள்ளிக்கூடத்துல இருந்து வந்து கேட்டாளுங்க. 'அப்பா, நீ டிரையர்ல தூங்கிட்டயாமா?'ன்னு. நானு இல்லைன்னேன். அவ நம்புனாளா நம்புலயான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாதுங்க சார்."

நான் மன்னிப்புக் கேட்டேன். கை கூப்பினேன். அவன் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டான். கோபமாகக்கூட இல்லை. "மஸ்டர்ல எல்லாத்து முன்னாலயும் என்ற பேரைக் கெடுத்துப்போட்டு, ஊட்டுக்குள்ள வந்து மன்னிப்புக் கேட்டா அது எப்படிங்க கணக்கு? அங்க சொன்னதை அங்கயே எடுங்க. எனக்கு அது போதும்" என்றான்.

மாலதி டீ கொண்டுவந்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

மூன்று நாளாக மஸ்டரில் சொல்லிவிடலாம் என்று நிற்கிறேன். அறுபது எழுபது முகம். வாயைத் திறக்கிறேன், "இன்னிக்கு மழை வரும், கொழுந்தை மூடி வையுங்க" என்று சொல்லிவிட்டு வருகிறேன். ஆண்டி கடைசி வரிசையில் நின்று என்னைப் பார்க்கிறான். முந்தியெல்லாம் பார்க்காமல் இருந்தான். இப்போது பார்ப்பதுதான் தாங்கவில்லை.

முத்துராஜ்


தேவாலா,
20 ஆகஸ்ட் 2024

அண்ணா,

தைரியமாக இருங்கள் என்று எழுத எனக்கு வாய் வரவில்லை. நான் ஒரே ஒரு டெனினிடம் சொல்லவே ஆறு வாரம் எடுத்துக்கொண்டவள்.

ஒன்று மட்டும். முதலில் விமல் சாரிடம் அறைக்குள் போய்ச் சொல்லிவிடாதீர்கள். அவர் நல்லவர், ஆனால் அதை அறைக்குள்ளேயே முடித்து வைப்பார். ஆண்டி கேட்டது அது இல்லை.

குரல் நடுங்கினால் நடுங்கட்டும். அவர்கள் எல்லாம் தினமும் உங்களிடம் நடுங்கித்தானே பேசுகிறார்கள்.

பாலா


கீழ் கோத்தகிரி,
26 ஆகஸ்ட் 2024

பாலா,

இன்று காலை சொல்லிவிட்டேன்.

இப்போது எழுத முடியவில்லை. பிறகு எழுதுகிறேன்.

முத்துராஜ்


தேவாலா,
2 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணா,

நீங்கள் இரண்டு வரி எழுதினீர்கள். மீதியை மாலதி போனில் ஒரு மணி நேரம் சொன்னாள். நீங்கள் அன்றைக்கு யார் முகத்தையும் பார்த்திருக்க மாட்டீர்கள் என்பதால் அவள் பார்த்ததை எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிய வேண்டும்.

தூறல் போட்டுக்கொண்டிருந்ததாம். பேர் எழுதி முடித்துக் கலையப் போகும்போது நீங்கள் முன்னால் வந்து குல்லாவைக் கழற்றினீர்களாம். "யாரோ செத்துப் போயிட்டாங்கன்னு நெனச்சோம்" என்றாள் மாலதி. நீங்கள் பேசியதை அவள் அப்படியே சொன்னாள். "எனக்கு மூணு வருசமா வாசம் தெரியறதில்லைங்க. அன்னிக்கு ஆண்டி வந்து புகை அடிக்குதுன்னு சொன்னான். எனக்குத் தெரியல. தெரியலைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு, அவனை வெரட்டிப்போட்டேன். அப்பறம் இதே எடத்துல நின்னு பழியையும் அவன் தலையில வச்சேன். அவன் தூங்கல. அவன் செஞ்சது சரி. தப்பு மொத்தமும் என்னுது."

விமல் சார் கையில் இருந்த பேனாவை மூடவே மறந்து நின்றாராம். அப்போதுதான் கொழுந்து பறிக்கும் செல்லக்கண்ணு அக்கா கேட்டிருக்கிறாள். "ஏனுங்க சார், அப்பச் சோத்துல ருசி எப்படிங்க தெரியுது?"

நீங்கள், "உப்பும் ஒறைப்பும் தெரியும் அக்கா. சாம்பாரா ரசமான்னு கண்ணுல பாத்தாத்தான் தெரியும்" என்றீர்களாம். யாரோ ஒருத்தர் சிரித்துவிட, எல்லாரும் சிரிக்க, நீங்களும் சிரித்து, சிரித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் கண்ணில் தண்ணீர் வந்ததாம். "பதினெட்டு வருசமா அந்த மனுசனைப் பாக்கறேன், மூஞ்சி இப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது" என்றாள் மாலதி. செல்லக்கண்ணு அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாளாம்.

ஆண்டி ஓடி வந்து உங்களைக் கட்டிக்கொள்ளவில்லை. மாலதிக்கு அதில் கொஞ்சம் வருத்தம். எனக்கு இல்லை. முதுகில் இருந்த மருந்து டப்பாவை அவிழ்த்து மெதுவாகத் தரையில் வைத்தானாம். விமல் சார், "ஆண்டி, நீ டிரையருக்குப் போப்பா" என்றதும் நேராக பேக்டரியைப் பார்த்து நடந்தவன், உங்களைத் தாண்டும்போது மட்டும் நின்று, "வாங்க சார், அடுப்புப் பத்த வைக்க நேரமாச்சுங்க" என்றானாம்.

இதை அப்பாவுக்குச் சொன்னேன். அவர் பதினெட்டு வயது வரை இலங்கைத் தோட்டத்தில் வளர்ந்தவர், மஸ்டரை இன்னும் பெரட்டு என்றுதான் சொல்வார். "பெரட்டுல நின்னு ஆளுகள ஏசின தொரமாரப் பாத்திருக்கேன், கணக்கப்பிள்ளமாரப் பாத்திருக்கேன். தன் குத்தத்தத் தானே சொன்ன ஒரு ஆள அங்கயும் பாக்கல, இங்கயும் பாக்கல" என்றார். பிறகு, "அந்த மனுசன ஒருக்கா வீட்டுக்கு வரச் சொல்லு" என்றார்.

நான் உங்கள் மேல் பட்ட கோபம் நியாயமானது. அது இப்போது இல்லை. இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

உங்கள் தங்கை,
பாலா


கீழ் கோத்தகிரி,
22 செப்டம்பர் 2024

அன்புள்ள பாலா,

உன் கடிதத்தை சுஜாதா இரண்டு முறை படித்தாள். நான் ஒரு முறைதான் படிக்க முடிந்தது.

பிறகு நடந்தவற்றை எழுதுகிறேன், எல்லாம் நல்லது இல்லை. டீமேக்கர் பொறுப்பை எடுத்துவிட்டார்கள். அது நியாயம். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், அதுவும் நியாயம். குன்னூரில் இருந்து பெனிஸ் என்று ஒருவர் டீமேக்கராக வந்திருக்கிறார். என்னை மெஷின் பராமரிப்புக்குப் போட்டிருக்கிறார்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை. முதல் வாரம் பெனிஸ் என் நாற்காலியில் உட்கார்ந்து டீயை உறிஞ்சித் துப்பும் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விடுவேன். கேலியும் உண்டு. பொருள் வண்டி டிரைவர் என் காதுபட, "மூக்கில்லா சாரு" என்றான். ஆண்டிதான் அவனைக் கண்டித்தான் என்று பிறகு தெரிந்தது.

ஆனால் நான் நினைக்காத ஒன்று நடந்தது. மஸ்டர் முடிந்து நாலாம் நாள், தூள் சலிக்கும் அறையில் இருக்கும் சின்னம்மை என்னிடம் தனியாக வந்தாள். சாக்கு மேல் ஒட்டும் சீட்டில் இருக்கும் எழுத்து இரண்டு வருஷமாக அவளுக்குத் தெரியவில்லையாம். சீட்டின் நிறத்தை வைத்துத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். "சொன்னா நிறுத்திப்போடுவாங்கன்னு பயந்துட்டு இருந்தனுங்க. நீங்களே சொன்ன பொறவு எனக்கென்னங்க" என்றாள். கோத்தகிரிக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கியாயிற்று.

அடுத்து முருகன். மூன்றாம் நம்பர் மெஷினில் நிற்பவன். காலையில் வலது கை மரத்துப் போகிறதாம், ஒரு வருஷமாக. அந்தக் கையோடு ஓடும் ரோலருக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறான் பாலா. கேட்டதும் விமல் சாரிடம் இரண்டு பேருமாகப் போனோம். அவர் அன்றைக்கே அவனை மெஷினில் இருந்து எடுத்துவிட்டு, டாக்டரிடம் அனுப்பினார். கழுத்து நரம்பாம், சரியாகிவிடும் என்கிறார்கள்.

மறுநாள் மஸ்டரில் விமல் சாரே பேசினார். "ஆண்டி விசயத்துல நான் யாரையும் விசாரிக்காம முடிவு பண்ணினேன். அது என் தப்பு. ஆண்டி, மன்னிச்சுக்கோங்க" என்றார். ஆண்டி என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்தான். அவனை 'கோங்க' போட்டு ஒரு மேனேஜர் பேசியது இதுதான் முதல் முறை.

நான் இருபது வருஷம் இந்த பேக்டரியில் இருந்தேன். இவர்கள் யாருக்கு எங்கே வலிக்கிறது என்று எனக்குத் தெரியாது. என்னுடையதை மூடி வைத்துக் காவல் காத்ததில் பிறர் முகத்தைப் பார்க்க நேரமே இல்லாமல் போயிருக்கிறது. இப்போது மத்தியானம் எல்லாரும் சாப்பிடும் இடத்துக்கு என் டப்பாவையும் எடுத்துக்கொண்டு போகிறேன். டப்பாவில் என்ன குழம்பு என்று சின்னம்மை மோந்து பார்த்துச் சொல்கிறாள்.

மழை நின்றதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்க வருகிறேன் என்று சொல்.

முத்துராஜ்


தேவாலா,
9 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணா,

போன வாரம் நான் ஒரு தப்புச் செய்தேன்.

இங்கே மழையில் கொழுந்து சொதசொதவென்று வரும். தொட்டியில் பரப்பி வாடப் போடும்போது அடியில் இருந்து சூடு காற்று கொடுப்போம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இரண்டு தொட்டிக்கு சூடு காற்று திறக்கச் சொன்னேன். இரண்டு மணி நேரம் கழித்து நிறுத்த வேண்டும். என் ஷிப்டு முடிந்து போகும்போது அடுத்த ஷிப்டிடம் அதைச் சொல்ல மறந்தேன். காலையில் வந்தால் இரண்டு தொட்டிக் கொழுந்தும் கருகி, கையில் எடுத்தால் பொடியாகிறது.

மேனேஜர் வந்தார். தொட்டியைச் சுற்றி இருபது பேர். அவர் கருகின இலையை அள்ளி எல்லார் முகத்துக்கும் நேராக நீட்டி, "யாரு பாத்த வேலை இது?" என்று கத்தினார். அந்த வாரம் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ள டெனினைப் போட்டிருந்தார்கள். எல்லார் கண்ணும் அவன் பக்கம் திரும்பியது. அவன் முகம் வெளுத்துவிட்டது. அண்ணா, உண்மையைச் சொல்கிறேன், சும்மா நின்றால் போதும், அது தானாக அவன் மேல் போய் விழுந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. நீங்கள் அன்றைக்கு நின்ற இடம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது. எவ்வளவு சுலபம் அது.

"நான்தான் சார். சூடு காத்தை நிறுத்தச் சொல்ல மறந்துட்டேன். டெனினுக்கு நான் சொல்லவே இல்லை" என்றேன். குரல் நடுங்கத்தான் செய்தது.

திட்டு வாங்கினேன். நன்றாகவே வாங்கினேன். மெமோவும் வந்தது. ஆனால் அதோடு முடிந்தது. இருபது பேரும் கலைந்து வேலைக்குப் போனார்கள், ஒருத்தர் வீட்டிலும் யார் பெயரும் கெடவில்லை.

உங்களுக்கு மூன்று வருஷம் ஆனது. எனக்கு ஒரு மூச்சு விடும் நேரம்தான் ஆனது. நான் உங்களைவிடப் பெரிய ஆள் என்பதால் இல்லை. எனக்கு முன்னால் ஒருத்தர் தூறலில் நின்று செய்து காட்டியிருந்தார். உங்களுக்கு அப்படி யாரும் இருக்கவில்லை.

எல்லாரும் போன பிறகு டெனின் மட்டும் நின்றான். இரண்டு பேருமாகக் கருகின இலையைக் கூடையில் அள்ளினோம். பாதி அள்ளியதும் அவன் தலையைத் தூக்காமலே பேசினான்.

"சேச்சி, ராத்திரி இலை சூடாகிற வாசம் எனக்கு வந்துச்சு. சூபர்வைசர் சொன்னதுதானே, நான் எதுக்குக் கேக்கணும்னு விட்டுட்டேன். கேட்டா வெரட்டுவாங்கன்னு."

"நான் வெரட்டுவேன்னு நெனச்சியா?"

"நேத்து வரைக்கும் நெனச்சேன்" என்றான். "இனி கேப்பேன் சேச்சி. பாதி ராத்திரியானாலும் போன் போட்டுக் கேப்பேன்."

இதை உங்களிடம் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

உங்கள் தங்கை,
பாலாமணி